மடைக்கீழ் வயலில் நான் நிரப்பிய வரிசைகள்

பாப்பா,

நீ விமானம் ஏற இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் இதை எழுதி முடித்து, திருவரங்குளம் தபால் ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டு, அது கோயம்புத்தூர் வந்து சேர்ந்து, நீ படித்து, செய்ய வேண்டியதைச் செய்ய உனக்கு நாள் மிச்சம் இருக்க வேண்டுமே என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். இதைச் சொல்வதற்கென்றே மூன்று தடவை கூப்பிட்டேன். நீ "என்னம்மா, நல்லாருக்கியா?" என்று கேட்டதும் என் வாய் தன்னால் "எல்லாம் நல்லா இருக்கு, நீ ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிடுகிறது. அறுபத்தெட்டு வயதுக்கு அதுவே பழகிவிட்டது. தாளில் அப்படி நழுவ முடியாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன். வரி கோணும், புள்ளி விட்டுப்போகும். நீ பொறுத்துப் படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் அதற்குள் களைத்துப்போய் மடித்து வைத்துவிடுவேன். போன ஐப்பசியில் நம் மடைக்கீழ் வயலில் நீ நட்டுவிட்டுப் போன ஆராய்ச்சி நெல்லில் நான் கை வைத்துவிட்டேன். ஆனைக்கொம்பன் பூச்சி விழுந்து வீணாய்ப் போன தூர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நன்றாக இருந்த வரிசைகளில் தூரைப் பிரித்து எடுத்து அந்த இடங்களில் ஊன்றினேன். நீ பிறகு வந்து குனிந்து குனிந்து எண்ணினாயே, அதில் ஒரு பங்கு நீ நட்ட பயிர் இல்லை. நான் ஊன்றியது. நீ கேட்டபோது மறைத்தேன். சித்திரையில் நீ வந்து அதைப் பற்றிச் சந்தோஷமாகச் சொன்னபோதும் மறைத்தேன்.

அந்தப் பூச்சி நம் வயலுக்குப் புதிதில்லை. ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடித் தூறல் பிடித்தால் வந்துவிடும். கதிர் வர வேண்டிய குருத்து வெங்காயத் தாள் மாதிரி உருண்டு, வெளுத்து, ஆனைத் தந்தம் போல நீண்டு நிற்கும். அந்தத் தூரில் பிறகு நெல் இல்லை. உங்கள் ஆபீஸ் பண்ணையில் இந்தப் பூச்சி சரியாக வருவதில்லை, நம் மடைக்கீழ் வயலில்தான் ஆண்டு தவறாமல் வருகிறது என்று நீ சொன்னபோது எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பெருமை. பூச்சி விழுகிற வயல் என்று ஊரெல்லாம் சொன்ன நிலத்தை, என் மகள் அந்தப் பூச்சிக்காகவே தேடி வருகிறாளே என்று. இருநூற்று நாற்பது வரிசை. ஒவ்வொரு வரிசையும் ஒரு குடும்பம், கலக்கக் கூடாது என்றாய். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எண் எழுதிய பிளாஸ்டிக் சீட்டு. நாற்றங்காலிலேயே ஒவ்வொரு குடும்பத்திலும் இலை நுனியைக் கிள்ளி, சின்னச் சின்னக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாய்.

நட்டு முடித்த அன்று வரப்பில் உட்கார்ந்து எனக்கு விளங்கவைத்தாய். "நெல்லுக்குள்ள பன்னெண்டு கயிறு இருக்குன்னு வச்சுக்கம்மா. பூச்சியத் தாங்குற கொணம் எந்தக் கயித்துல எந்த முடிச்சுல இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேல. பூச்சி தொடாத பழைய நெல்லு ஒண்ணு, எல்லாரும் போடுற நெல்லு ஒண்ணு. ரெண்டுக்கும் பொறந்ததுதான் இந்த எரநூத்தி நாப்பதும். எது நிக்குது எது விழுகுதுன்னு வயல்ல எண்ணணும். எலைய வச்சு அதுக்குள்ள எந்த முடிச்சு யாரு கொடுத்ததுன்னு பாக்கணும். ரெண்டையும் சேத்து வச்சா எடம் தெரிஞ்சுரும்." நான் சொன்னேன், "உங்க அப்பா வீட்டுல வளைஞ்ச சுண்டுவெரல் யாரு யாருக்கு இருக்குன்னு பாத்து, அது பெரிய பாட்டன் வழியா வந்ததுன்னு கண்டுபிடிக்கிற மாதிரியா?" நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதேதாம்மா. நான் காலேசுல பாடம் எடுக்குறப்ப ஒன்னத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்றாய். போகிறபோது ஒன்றே ஒன்று சொன்னாய். "அம்மா, நீ ஒண்ணுமே செய்யக் கூடாது. செத்தா சாகட்டும். சும்மா இருக்கணும், அதான் நீ எனக்குச் செய்யுற ஒதவி." நான் சரி என்றேன். சும்மா இருப்பது எத்தனை கடினமான வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக வயலில் சும்மா இருந்து பழகியவள் இல்லை நான்.

முப்பது நாள் வரைக்கும் சும்மா இருந்தேன். பேத்திக்குக் காய்ச்சல் என்று நீ வர முடியாமல் போனது. வரிசை வரிசையாகத் தந்தம் கிளம்பிவிட்டது. சில வரிசை முழுப் பச்சை, அடுத்ததில் பாதித் தூர் அழுகிச் சொட்டை. பக்கத்து வயல்காரர் கருப்பையா தினமும் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பார். "என்ன மதினி, மக டாக்டருக்குப் படிச்சுருக்குன்னீங்க. வயலுக்கு ஒரு ஊசியக் கீசியப் போடச் சொல்லக் கூடாதா?" என்பார். "அது நெல்லு டாக்டரு, ஒங்கள மாதிரி ஆளுக்கு வைத்தியம் பாக்காது, போங்க" என்று நானும் விடமாட்டேன். அந்தப் பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது நீ போனில் சொன்ன ஒரு சேதிதான். "அடுத்த வாரம் எங்க டைரக்டர் அம்மா நம்ம வயலப் பாக்க வர்றாங்க." உனக்கு அது வேலை. எனக்கோ, பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னது மாதிரி இருந்தது. சொட்டையும் பொத்தலுமாக இருக்கிற வயலைக் காட்டி, இதுதான் என் அம்மா வயல் என்று நீ சொல்லுவாயே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் பஞ்சவர்ணத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவள் முப்பது வருஷமாக என்னோடு நடவு நடுகிறவள். "புள்ள தொடக் கூடாதுன்னுச்சே அக்கா" என்று கேட்டாள். "பூச்சி விழுந்ததத்தானடி தொடுறோம், அதத் தூக்கிப் போட்டுட்டு நல்லத வைக்கிறோம், இதுல என்ன தப்பு" என்றேன். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. செத்த இடத்தில் நாற்று ஊன்றுவது எங்களுக்குத் தப்பே இல்லை. ஊன்றாமல் விட்டால்தான் தப்பு, சோம்பேறி என்பார்கள். இரண்டு நாளில் வயல் நிறைந்துவிட்டது.

டைரக்டர் அம்மா வந்து வரப்பில் நின்று, "கோலம் போட்ட மாதிரி வச்சிருக்கீங்கம்மா" என்றார்கள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நீ தனியாக எண்ணிக்கொண்டு வரும்போது ஓர் இடத்தில் நின்று, "இந்த வரிசையெல்லாம் தூரே கட்டலையேம்மா, ஒல்லியா இருக்கே?" என்று கேட்டாய். நான் உடனே, யோசிக்காமல், "அங்கிட்டுத் தண்ணி தேங்கும் தாயி" என்றேன். நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். தண்ணீர் தேங்கியது என்று உன் நோட்டில் இன்னும் இருக்கும். அதை அடித்துவிடு. அங்கே தண்ணீர் தேங்குவதில்லை.

இந்தக் குணம் எனக்கு எப்போதிருந்து என்று நினைத்துப் பார்க்கிறேன். உன்னைப் பெண் பார்க்க வந்தபோது, சமையல் தெரியுமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்கள். உனக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். நான் புதுக்கோட்டைக் கடையிலிருந்து வாங்கி வந்த அதிரசத்தைத் தட்டில் வைத்து, "எல்லாம் எம்மக கைப்பக்குவந்தான்" என்றேன். கல்யாணம் ஆகி வந்த முதல் தீபாவளிக்கு உன் மாமியார் ஊரையே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, "மருமக அதிரசம் சுடப் போறா" என்று சொல்லிவிட்டார்கள். நீ கொல்லையில் ஒளிந்துகொண்டு போன் பண்ணினாய். "அம்மா, பாகு பதம்னா என்னம்மா? எனக்கு வேதியியல்ல அந்த வார்த்தையே வரலயே!" எத்தனையோ நாள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் அன்றைக்கு நீ அழுதாய், அது எனக்கு நினைவிருக்கிறது. நான் நிறைவாகத் தெரிய வேண்டும் என்று நிரப்பி வைப்பதையெல்லாம் பின்னால் நீதான் சுமக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று இருக்கிறது. அதை உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ நாலாவது படிக்கும்போது உன் அப்பா மருந்து அடிக்கப் போய் வரப்பில் விழுந்து கிடந்தாரே. வாயில் நுரை தள்ள, டவுன் பஸ்ஸை மறித்து ஏற்றிக்கொண்டு போனோம். நீ அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். பிழைத்துக்கொண்டார், ஆனாலும் கை நடுக்கம் கடைசி வரைக்கும் போகவில்லை. மருந்தே தேவைப்படாத நெல் வேண்டும் என்று நீ இந்தப் படிப்புக்குப் போனதே அதனால்தான் என்று இன்டர்வியூவில் சொன்னதாகச் சொன்னாய். அப்பா அவசரப்பட்டு எதிர்க்காற்றில் அடித்துவிட்டார் என்றுதான் நீ இன்றுவரை நினைத்திருக்கிறாய். அவர் அவசரப்படவில்லை. "ரெண்டு நாள் பொறுப்போம் புள்ள, காத்து நிக்கட்டும்" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி அனுப்பினவள் நான். "கருப்பையா வயலு கண்ணாடி மாதிரி இருக்கு. நம்ம வயலப் பாத்தா முக்காடு போட்டுக்கிட்டுத்தான் வெளிய போகணும்" என்றேன். அவர் டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு போனார். பிறகும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

சித்திரையில் நீ லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய். நான் உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "இங்க பாரும்மா, மல மாதிரி ஏறி நிக்குதுல்ல, இதான் ஒரு முடிச்சு. இது முன்னாடியே மத்தவங்க கண்டதுதான். இங்கிட்டுப் பாரு, இன்னொரு சின்ன மல. இது யாரும் கண்டதில்ல." உன் முகம் பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. "ஒரு இருவது வரிசைல, எலை சொல்றது ஒண்ணு, வயலு சொல்றது ஒண்ணு. எலையப் பாத்தா பூச்சி தின்னுருக்கணும். ஆனா நல்லா நின்னுருக்கு. அப்ப வேற எங்கயோ ஒரு காவல் இருக்குன்னுதானம்மா அர்த்தம்? அந்தக் காவலத் தேடத்தான் என்னைய ரெண்டு வருசம் வெளிநாட்டுக்குக் கூப்புடுறாங்க." எந்தெந்த வரிசை என்று கேட்டேன். நீ வாசித்தாய். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று நீ ஆரம்பித்ததுமே கரண்டி என் கையில் நின்றுவிட்டது. நீ சொல்கிற காவல் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, பாப்பா. இலை செத்துப்போன பயிருடையது. வயலில் நின்றது அதன் பக்கத்து வீட்டுப் பயிர். பேத்தி மாம்பழம் கேட்டாள் என்று சாக்குச் சொல்லி எழுந்து போனேன். அவள் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருவேளை அந்த இரண்டாவது முடிச்சு நிஜமாகவே இருக்கலாம், உன் கணக்கு எனக்குத் தெரியுமா என்று. இப்போது அந்தச் சமாதானமும் களைத்துப்போய்விட்டது. இல்லாத முடிச்சைத் தேடி, புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு, தெரியாத ஊர்க் குளிரில் நீ இரண்டு வருஷம் உட்கார்ந்திருப்பாய். கிடைக்கவில்லை என்றால் உன் மேலேயே சந்தேகப்படுவாய். உன்னை எனக்குத் தெரியும். கிடைத்தது என்று யாராவது நம்பி, அதை வைத்து ஒரு விதை வந்து, இங்கே எவனாவது அதை விதைத்து, பூச்சி விழுந்து, அவனும் எதிர்க்காற்றில் டின்னை மாட்டிக்கொண்டு போவான். எனக்கு அதை இரண்டாம் தடவை பார்க்கத் தெம்பில்லை.

முந்தாநாள் பஞ்சவர்ணத்தைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். அறுத்த தாள்தான் காய்ந்து நிற்கிறது, உன் சீட்டுகள் எல்லாம் போய்விட்டன. நீ கொடுத்துவிட்டுப் போன வரைபடத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, மடையிலிருந்து அடி எண்ணி எண்ணி நடந்தோம். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இரண்டு வரப்புக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். "கரண்டுக் கம்பத்துக்கு நேரா ஊனுனோம் அக்கா, அது எழுவத்தி நாலு." "இல்லடி, அங்கிட்டு நண்டு வளை இருந்துச்சு, நீ காலு வச்சுக் கத்துனியே." "அது எழுவத்தஞ்சு. ரெண்டுலயும் ஊனுனோம்." இப்படியே பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. பாதியில் அவள் அறுத்த தாள் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லவா? பேசாம விட்டுருங்க. புள்ள போயிட்டு வரட்டும். அங்க போயி அதுவே கண்டுபிடிச்சுக்கும்."

"ரெண்டு வருசம் கழிச்சா?"

"அவ்வளவு படிச்ச புள்ளக்கி நாம சொல்லித்தான் தெரியணுமா?"

"நாம ஊனுனது நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குடி தெரியும்? எந்தப் படிப்புல வரும் அது?"

அவள் எழுந்து வந்து எண்ணினாள். பதினைந்து வரிசை இரண்டு பேருக்கும் நிச்சயமாக ஒத்துப்போனது. அது போக நான்கு வரிசை உண்டு என்பதும் நிச்சயம், கடைசி நாள் பொழுது சாயப் போகிற அவசரத்தில் ஊன்றியது. எது எது என்று அவள் ஒன்று சொல்கிறாள், நான் ஒன்று சொல்கிறேன். "எதையாச்சும் எழுதுங்க அக்கா. நம்பரு இல்லாம போனா புள்ள என்ன நெனைக்கும்?" என்றாள். பேனா கையில்தான் இருந்தது. நூற்று எண்பத்திரண்டு என்று போட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

இனி செய்ய வேண்டியது உன் கையில் இருக்கிறது. கீழே எழுதியிருக்கிற வரிசைகளை உன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார். நான் தூர் பிரித்து எடுத்த வரிசைகளில் வேறு எதுவும் ஊன்றவில்லை, அவை நீ நட்டபடியே இருந்தன. அந்தச் சின்ன மலை அப்படியே நின்றால் நிம்மதியாகப் போய் வா. உட்கார்ந்துவிட்டால், விமானம் ஏறுவதற்கு முன்னால் டைரக்டர் அம்மாவிடமும் உன்னைக் கூப்பிட்டவர்களிடமும் சொல்லிவிடு. வெள்ளம் வந்தது, சீட்டு மாறிவிட்டது என்று எனக்காக எதையாவது நிரப்பிச் சொல்லாதே. என் அம்மா ஊன்றிவிட்டாள், என்னிடம் மறைத்தாள் என்று சொல். அவர்கள் என்னைக் கேட்க வேண்டும் என்றால் நான் கோயம்புத்தூர் வருகிறேன். மறுபடி நட வேண்டும் என்று வந்தால் இந்த ஐப்பசிக்கு வயல் இருக்கிறது. உழுது தண்ணீர் கட்டிக் கொடுத்துவிட்டு, அறுப்பு வரைக்கும் நான் ஜெகதாப்பட்டினத்தில் உன் சித்தி வீட்டில் போய் இருந்துகொள்கிறேன். அங்கே பிடுங்கி நட ஒன்றும் இல்லை, கடல்தான். என் கையை நான் நம்பவில்லை.

கோபம் வந்தால் வரட்டும். போன் பண்ணித் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டு.

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தேழு, ஐம்பத்திரண்டு, எழுபத்து நான்கு, எழுபத்தைந்து, எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று, நூற்றுப் பத்து, நூற்றுப் பதினேழு, நூற்று நாற்பது, நூற்று நாற்பத்து மூன்று, நூற்று அறுபத்தாறு, இருநூற்று இரண்டு, இருநூற்றுப் பத்தொன்பது.

இன்னும் நான்கு இருக்கின்றன. அவை எவை என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா